பால் நரம்பு அறுந்த மாடு: பாட்டில் ஏற்றியும் மூத்திரம் குறைவது ஏன்?

கேள்வி: மூன்றாம் ஈத்து ஜெர்சி கலப்பின மாடு, 350 கிலோ இருக்கும். நேற்று முன்தினம் மாலை முள்கம்பி வேலியில் சிக்கி, மடிக்கு முன்னால் ஓடும் பெரிய இரத்தக் குழாயான பால் நரம்பு கிழிந்துவிட்டது. வைத்தியர் வந்து தையல் போட அரை மணி நேரம் ஆனது. கட்டுத்தறி முழுக்க இரத்தம். நாலு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, வலி ஊசியும் போட்டார். மாடு எழுந்து நிற்கிறது. ஆனால் நேற்றிலிருந்து மூத்திரம் கொஞ்சமாக, கருமஞ்சளாக வருகிறது. பாட்டில் ஏற்றியதால் கிட்னி கெட்டுவிட்டதா? இன்னும் ஏற்றலாமா? (தாராபுரம் பக்கத்து விவசாயி)

பதில்: வணக்கம்ங்க. பாட்டில் மேல் பழி போடாதீர்கள். கிட்னிக்கு அடி விழுந்தது இரத்தம் போன அந்த அரை மணி நேரத்தில்தான்.

மாட்டுக்குக் கிலோவுக்குச் சுமார் 60 மில்லி இரத்தம். உங்கள் மாட்டுக்கு 21 லிட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 7 லிட்டர் போனாலே உயிருக்கு ஆபத்து. அந்த நேரத்தில் உடம்பு மூளையையும் இதயத்தையும் காப்பாற்றுவதற்காகக் கிட்னிக்குப் போகும் குழாய்களைச் சுருக்கிவிடும். கிட்னிக்குள் இருக்கும் நுண்குழல்கள் பிராணவாயு குறைந்தால் தாங்காது. நேரம் நீண்டால் சாகத் தொடங்கும்.

நாலு பாட்டில் என்பது 2 லிட்டர். சத்தியமாகச் சொன்னால், இவ்வளவு பெரிய உடம்புக்கு அது வாளியில் ஒரு செம்பு. அதிலும் உப்புநீர் ஒரு மணி நேரத்துக்குள் முக்கால்வாசி குழாயை விட்டுத் திசுக்களுக்குள் கசிந்துவிடும். நம் ஊரில் எந்தப் பாட்டிலையும் ‘குளுக்கோஸ்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையான குளுக்கோஸ் பாட்டில் என்றால் இன்னும் மோசம், இரத்தக் குழாயில் மிகக் கொஞ்சம்தான் தங்கும். என்ன ஏறியது என்று காலிப் பாட்டிலின் சீட்டைப் பாருங்கள். இந்த நிலையில் ரிங்கர் லாக்டேட் என்ற கலப்பு உப்புநீர்தான் நல்லது.

சரி, மூத்திரத்துக்கு வருவோம். கருமஞ்சள் என்றதும் பயந்துவிட்டீர்கள்; எனக்கு அது பாதி நல்ல சேதி. தண்ணீர் பற்றாதபோது கிட்னி மூத்திரத்தைக் கெட்டியாக்கித் தண்ணீரை மிச்சம் பிடிக்கும். அந்த வேலையைச் செய்கிறது என்றால் இன்னும் உயிரோடு இருக்கிறது. மாடு வறண்டிருந்தும் மூத்திரம் வெறும் தண்ணீர் மாதிரி வந்தாலோ, வரவே இல்லையென்றாலோதான் கவலை. காபி நிறமாக இருந்தால் அது வேறு கதை, உண்ணிக் காய்ச்சலையும் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு சோதனை செய்யுங்கள். பெண்ணுறுப்புக்குக் கீழே விரல்களால் மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தால் பெரும்பாலான மாடுகள் மூத்திரம் விடும். வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்து, காலை மாலை நிறத்தையும் அளவையும் குறித்து வையுங்கள். அந்த மூத்திரத்தையும் இரத்தத்தையும் கால்நடை மருந்தகத்தில் கொடுத்து, மூத்திரத்தின் அடர்த்தி, இரத்தத்தில் கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவுகளான யூரியா, கிரியேட்டினின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கிரியேட்டினின் 2 mg/dL-ஐத் தாண்டி, மூத்திரம் நீர்த்திருந்தால் கிட்னி அடிபட்டிருக்கிறது. வண்டி வசதி இல்லையென்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குக் கூப்பிடுங்கள்.

அதுவரை வலி ஊசியை மறுபடி போடச் சொல்லாதீர்கள். இரத்தம் குறைந்திருக்கும்போது கிட்னிக் குழாயைத் திறந்து வைக்கும் சுரப்பை அந்த மருந்து அடக்கிவிடும். ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி ஊசியும் வேண்டாம். இந்த இரண்டும் சேர்ந்து, பிழைக்க வேண்டிய கிட்னியைக் கெடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் கொடுப்பது எப்படி? மாடு தானாகக் குடித்தால் அதுதான் முதல் மருந்து, 20, 30 லிட்டர்கூடக் குடிக்கும். பாட்டிலில் ஊற்றி வாயில் திணிக்காதீர்கள், புரை ஏறி நுரையீரலுக்குப் போய்விடும். குடிக்கவில்லையென்றால் வைத்தியர் குழாய் வைத்து இரைப்பைக்குள் விடுவார். மூத்திரம் வராத மாட்டுக்கு பாட்டில் பாட்டிலாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும்; மூச்சு வாங்கினாலோ கழுத்து நரம்பு புடைத்தாலோ உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

அப்புறம், கண் இமையைக் கீழே இழுத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் தீவனமும் நாட்களும் போதும். காகிதம் மாதிரி வெளுத்து, மூச்சும் வேகமாக இருந்தால் உப்புநீரால் பயனில்லை, இரத்தம்தான் ஏற்ற வேண்டும். மாட்டுக்கு முதல் தடவை இரத்தம் ஏற்றும்போது பொருத்தம் பார்க்காவிட்டாலும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். கொட்டிலில் நோயில்லாத 400 கிலோ மாடு இருந்தால் அதிலிருந்து 4 லிட்டர் எடுக்கலாம், அந்த மாட்டுக்குக் கெடுதல் இல்லை. வைத்தியரிடம் இன்றே பேசுங்கள்.

தையல் போட்ட இடத்தைத் தினமும் தொட்டுப் பாருங்கள்; வீங்கிச் சூடாக இருந்தால் சொல்ல வேண்டும். மாடு எழும்போது அந்த இடம் தரையில் உரசாதபடி வைக்கோல் நிறையப் பரப்புங்கள்.