செயின்ட் ஹெலன்ஸ் எரிமலைக்கு ஆர்.வி. பயணம்: கேள்வி பதில்

வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள இந்த எரிமலைக்கு நான்கு தடவை ஆர்.வி. (படுக்கை, சமையலறையோடு உள்ள வண்டி) வாடகைக்கு எடுத்துப் போயிருக்கிறேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, காலையில் கிளம்பி எரிமலையைப் பார்த்துவிட்டு இரவே திரும்பினால் போதாதா?

போதாது தம்பி. முதல் தடவை ஜூன் மாதம் அப்படித்தான் போனோம். மேகம் மூடி, மலை இருந்த இடமே தெரியவில்லை. பிள்ளைகள் அழாத குறை. இரண்டு இரவாவது தங்குங்கள். ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

வண்டியை எங்கே நிறுத்துவது?

சில்வர் ஏரிக்கு எதிரே உள்ள சீக்வெஸ்ட் ஸ்டேட் பார்க்கில். தண்ணீர், கரண்ட் இணைப்போடு இடங்கள் உண்டு. கோடையில் சீக்கிரம் நிறைந்துவிடும், முன்பதிவு அவசியம். எரிமலைக்குப் போகும் 504 சாலை பெரிய வண்டிக்குச் சிரமம் தராது. எரிபொருளைக் கீழே கேசில் ராக் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஏரியில் பார்க்க என்ன இருக்கிறது? எரிமலைதானே முக்கியம்?

அந்த ஏரியே எரிமலை தந்ததுதான்! சுமார் 2,500 வருடங்களுக்கு முன் மலையிலிருந்து இறங்கிய சேற்று வெள்ளம் ஓர் ஓடையை அடைத்ததால் உண்டானது. சதுப்பு நிலத்தின் மேல் மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். விடிகாலையில் போய்ச் சத்தம் போடாமல் நில்லுங்கள். ஒருமுறை விரால் அடிப்பான் என்ற மீன் பிடிக்கும் பறவை ஒன்று எங்கள் கண்ணெதிரே கால்களை நீட்டித் தண்ணீரில் விழுந்தது. எழும்பியதும் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது. பிறகு மீனின் தலை முன்னால் வரும்படி நகத்தில் திருப்பிப் பிடித்துக்கொண்டு பறந்தது. காற்று தடுக்காமலிருக்க அப்படிப் பிடிக்குமாம். என் சின்ன மகள் இன்றைக்கும் அதைத்தான் பேசுகிறாள். நாரைகள், வெண்தலைக் கழுகு, பீவர் எல்லாம் உண்டு.

1980இல் என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

மே 18, ஞாயிறு காலை 8:32. நிலநடுக்கத்தில் வடக்குச் சரிவு முழுசாகப் பெயர்ந்தது. உள்ளே அடைபட்டிருந்த அழுத்தம் பக்கவாட்டில் வெடித்தது. 57 பேர் இறந்தார்கள். மலையைக் கண்காணித்துக்கொண்டிருந்த விஞ்ஞானி டேவிட் ஜான்ஸ்டனும் அவர்களில் ஒருவர், வயது 30. 2,950 மீட்டர் மலை 2,549 மீட்டராகக் குறைந்தது. சரிந்த மண் ஓடையை மறித்ததில் கோல்ட்வாட்டர் என்ற புது ஏரியும் பிறந்தது.

அவர் பெயரில் உள்ள ஜான்ஸ்டன் ரிட்ஜ் என்ற மலைமேடு வரை போகலாமா?

2023 மே மாதம் மண்சரிவு பாலத்தை அடித்துப் போனதிலிருந்து அங்கே பாதை மூடிவிட்டார்கள். கிளம்பும் முன் நிலவரம் விசாரியுங்கள். அது மூடியிருந்தாலும் கோல்ட்வாட்டர் ஏரி வரை போய், வழியில் எல்க் ராக் வியூபாயின்ட்டில் இறங்கிப் பாருங்கள். நல்ல பைனாகுலர் இருந்தால் கீழே பள்ளத்தாக்கில் எல்க் மான்கள் மேய்வது தெரியும்.

அவ்வளவு சாம்பலில் உயிர்கள் எப்படித் திரும்பின?

எனக்குப் பிடித்த கேள்வி. வளைக்குள் இருந்த கோஃபர் என்ற மண் தோண்டும் சிறு பிராணிகள் சில பிழைத்தன. அவை வளை தோண்டத் தோண்ட, சாம்பலுக்கு அடியில் இருந்த பழைய மண் மேலே வந்தது. அதில் விதை ஊன்றியது. லுபின் செடி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வறண்ட தரையை வளமாக்கியது. கோடையில் போனால் சாலையோரத்தில் அந்த ஊதாப்பூவைப் பார்ப்பீர்கள். பறிக்காதீர்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.