சிங்க் பொத்தானும் ஆதி தாளமும்

வணக்கம் அண்ணா,

இரண்டு பாட்டை ஒன்றோடொன்று கலக்கும், இரண்டு சனல் உள்ள சின்ன டிஜே கொன்ட்ரோலர் ஒன்று வாங்கி நான்கு மாதமாக ஹவுஸ் இசை மிக்ஸ் பண்ணிப் பழகுகிறேன். சிங்க் பொத்தானை அமத்தினால் இரண்டு பாட்டும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. ஆனாலும் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகும்போது இரண்டும் சண்டை பிடிப்பதுபோல் இருக்கிறது, சத்தமும் கலங்குகிறது. தெஹிவளையில் ஒரு பிறந்தநாள் பார்ட்டியில் நடுவில் பைலா (இலங்கை ஆட்டப் பாட்டு) போடச் சொன்னார்கள். அதோடு எல்லாமே குழம்பிவிட்டது. சிங்க் இல்லாமல் காதால் பழகினால்தான் சரிவருமா?

ச., வெள்ளவத்தை

அன்புள்ள ச.,

காதால் பழகுங்கள், நல்லதுதான். ஆனால் உங்கள் சிக்கல் அங்கே இல்லை. வேகத்தை ஒன்றாக்கி, அடிக்கு நேரே அடியை வைப்பதோடு சிங்கின் வேலை முடிந்தது. எத்தனையாவது அடியில் தொடங்குவது என்பது உங்கள் பொறுப்பு. நீங்கள் எடுப்பை, அதாவது தொடங்கவேண்டிய இடத்தை, தவறவிடுகிறீர்கள்.

ஒரு ஹவுஸ் பாட்டை ஆதி தாளத்தில் போட்டுப் பாருங்கள், ஒரு கிக்குக்கு (பெரிய ட்ரம்மின் அடிக்கு) ஒரு அட்சரமாக. தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. இந்த எட்டும் ஒரு ஆவர்த்தனம். நான்கு ஆவர்த்தனம் போனால் 32 அடி. ஹைஹெட் நுழைவது, பேஸ் நிற்பது, பாடகி வாய் திறப்பது எல்லாம் பெரும்பாலும் அதற்கு அடுத்த சமத்தில்தான் (ஆவர்த்தனத்தின் முதல் அடியில்) நடக்கும். சற்று முன்பே ட்ரம் ஒரு உருட்டு உருட்டிக் காட்டிக்கொடுத்துவிடும், மிருதங்கக்காரர் கோர்வை வைத்து முடிப்பதுபோல. 124 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 124 அடி) இந்த 32 அடிக்கு ஏறத்தாழ பதினைந்தரை செக்கன். இரண்டாவது பாட்டின் முதல் கிக் அந்தச் சமத்தில் விழவேண்டும். பதின்மூன்றாம் அடியில் விட்டால், ஒருத்தி பாதி வரி பாடிக்கொண்டிருக்கும்போது மற்றப் பாட்டின் பேஸ் குறுக்கே பாயும். நீங்கள் சொல்லும் சண்டை அதுதான்.

இதற்கு இயந்திரம் தேவையில்லை. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் போகும்போது இயர்போனை மாட்டி, தொடையில் தாளம் போடுங்கள். அடுத்த சமத்தில் என்ன மாறப்போகிறது என்று முன்கூட்டியே சொல்ல வரும்வரை கொன்ட்ரோலரைத் தொடாவிட்டாலும் குற்றமில்லை.

பாட்டுகளையும் பாருங்கள். மூன்று நிமிட ரேடியோ எடிட்டில் முன்பகுதியே இருக்காது, நுழைந்ததும் பாட்டுத்தான். எக்ஸ்டெண்டட் மிக்ஸ் என்று விற்பதை வாங்குங்கள். அவற்றில் தொடக்கத்தில் ட்ரம் மட்டும் 16 அல்லது 32 பார் (ஒரு பார் நான்கு அடி) ஓடும். 124இல் 32 பார் என்றால் ஒரு நிமிடமும் இரண்டு செக்கனும். உங்கள் கைக்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான்.

இனிக் கலங்கல். இரண்டு கிக்கும் இரண்டு பேஸும் ஒரே கீழ்ப்பகுதியில் இடத்துக்கு அடிபடுகின்றன. நேராக விழுந்தால் மட்டம் எகிறிச் சிவப்பு விளக்கு எரியும். மயிரிழை விலகி விழுந்தால் ஒன்றையொன்று தின்று சத்தம் பொக்கையாகிவிடும். ஆகவே இரண்டாவது பாட்டைக் கொண்டுவருமுன் அதன் லோ குமிழை (பேஸைக் கூட்டிக் குறைப்பது) இடப்பக்கம் முழுவதும் திருப்பிவிடுங்கள். சமத்தில் ஃபேடரை (சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளியை) ஏற்றுங்கள். 32 அல்லது 64 அடி போகட்டும். அடுத்த சமம் வரும்போது ஒரு கை முதற் பாட்டின் லோவை இறக்க, மற்றக் கை இரண்டாவதின் லோவைப் பன்னிரண்டு மணி நிலைக்குக் கொண்டுவரவேண்டும், ஒரே அடிக்குள். பலர் இதை மெல்ல மெல்லத் திருப்புகிறார்கள். பாதி வழியில் இரண்டு பேஸும் அரைகுறையாகக் கிடந்து அல்லாடும். பழகும் காலத்தில் வெட்டென்று மாற்றுவதே மேல். பன்னிரண்டு மணிக்கு மேலே எந்தக் குமிழும் போகவேண்டாம். சத்தம் போதாவிட்டால் கெய்னை (பாட்டின் முழு மட்டத்துக்கான குமிழை) பாருங்கள்.

சிங்க் போட்டும் கிக்குகள் குதிரைக் குளம்புபோல் இரட்டையாகக் கேட்டால், மென்பொருள் பாட்டின் முதல் அடியைத் தப்பாகக் குறித்திருக்கிறது. திரையில் அந்த அடியைக் காட்டும் கோட்டினை இழுத்து முதல் கிக்கில் வையுங்கள். மனிதர் ட்ரம் வாசித்த பழைய டிஸ்கோவில் வேகமே ஏறி இறங்கும், அங்கேதான் காது வேண்டும். அதைப் பழக, திரையில் வேக எண்ணின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி மறையுங்கள். ஜொக் வீலை (பாட்டை முன்னே பின்னே தள்ளும் சக்கரத்தை) அடிக்கடி முன்னே தள்ளவேண்டியிருந்தால் பாட்டு மெதுவாக ஓடுகிறது, டெம்போவைக் கொஞ்சம் கூட்டுங்கள். அரை பிபிஎம் வித்தியாசம் ஒரு நிமிடத்தில் அரை அடியைத் தின்றுவிடும். அயலவருக்குப் பயந்து புளூடூத் ஹெட்போனைப் பாவிக்கவே வேண்டாம். 124இல் ஓர் அடி 484 மில்லிசெக்கன்தான். ஹெட்போன் 150 பிந்தினாலே காது நம்பத்தகாததாகிவிடும்.

பைலா வேறு கதை. ஹவுஸ் சதுஸ்ர நடை, பைலா 6/8, அதாவது திஸ்ரம். நம்முடைய குத்துப் பாட்டுகள் பலதும் அப்படித்தான். பெரிய அடிகளைப் பொருத்தினாலும், உள்ளே ஒன்று நான்காகவும் மற்றது மூன்றாகவும் வெட்டிக்கொண்டு போகும். மென்பொருள் சில வேளை சின்ன அடியையும் எண்ணிவிடும், உடனே சிங்க் தாறுமாறாக இழுக்கும். இங்கே கலக்கவே பார்க்காதீர்கள். சிங்கை நிறுத்திவிட்டு, ஹவுஸ் பாட்டின் 32 முடிகிற அடியில் எக்கோவை ஓர் அடிக்கு வைத்து ஃபேடரை இறக்குங்கள். எக்கோவின் வால் தேயும்போதே பைலாவை அதன் முதல் அடியிலிருந்து முழுச் சத்தத்தோடு விடுங்கள்.