செங்கீழ்க் கதிரும் பெருங்குடல் புற்றுநோயும்

கேள்வி: தந்தையாரின் பெருங்குடலில் எடுத்த இழையத் துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பியுள்ளார்கள். செங்கீழ்க் கதிரால் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்) புற்றுநோயைக் கண்டறியலாம் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: உண்மைதான், ஆயினும் இம்முறை இன்னும் பெரும்பாலும் ஆய்வுநிலையிலேயே உள்ளது. புரதம், கொழுப்பு, நியூக்கிளிக் அமிலம் ஆகியவற்றின் பிணைப்புகள் தத்தமக்குரிய அலைநீளங்களில் இக்கதிரை உறிஞ்சுவதால், சில மைக்ரோமீற்றர் தடிப்பில் சீவிய இழையத்தைச் சாயமேற்றாமலே அளந்து, கிளைக்கோஜன் (கலங்களில் சேமிக்கப்படும் மாச்சத்து) குறைதல் போன்ற இரசாயன மாற்றங்களைக் கணினியின் துணையுடன் இனங்காணலாம். சாதாரண கண்ணாடி இக்கதிரின் பெரும்பகுதியை விழுங்கிவிடுமாதலால் இழையத்தை வைத்து அளக்கக் கல்சியம் புளோரைட்டுத் தகடு போன்றவை தேவைப்படுகின்றன. மாதிரி மெழுகில் பதிக்கப்பட்டிருந்தால் மெழுகின் உறிஞ்சலும் குறுக்கிடும். உங்கள் தந்தையாரின் நோயை உறுதிசெய்யப்போகிறவர், சாயமேற்றிய இழையத்தை நுணுக்குக்காட்டியில் பார்க்கும் நோயியல் நிபுணரே. அவரது அறிக்கை கிடைத்ததும் தாமதியாது சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள், அம்மா.