அவரிடமே கேளுங்கள்: திருநம்பி இணையரோடு நெருக்கம்

கேள்வி: எனக்கு 28 வயது, ஆண். கோவையில் வேலை பார்க்கிறேன். சில மாதங்களாக ஒருவரைக் காதலிக்கிறேன். அவர் திருநம்பி, அதாவது பிறக்கும்போது பெண் என்று பதிவான ஆண். இரண்டு ஆண்டுகளாக ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறார், அறுவைசிகிச்சை எதுவும் செய்யவில்லை. நெருக்கமாக இருக்கும்போது சட்டையைக் கழற்ற மாட்டார். சில நேரம் நான் தொட்டதும் அப்படியே உறைந்துபோகிறார். எதைக் கேட்டால் மனம் நோகுமோ என்ற பயத்தில் நான் எதையுமே கேட்பதில்லை. பத்து நாட்களுக்கு முன் ஆணுறை இல்லாமல் உறவு கொண்டோம். ஊசியால் அவருக்கு மாதவிடாய் நின்று வெகுநாள் ஆகிறது. அதனால் கர்ப்பம் பற்றிக் கவலைப்பட வேண்டாம்தானே? அவரிடம் மரியாதையோடு நடந்துகொள்வது எப்படி?

பதில்: கர்ப்பத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கவலைப்பட வேண்டும். அவர் போட்டுக்கொள்ளும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசி கருத்தடை மருந்து இல்லை. ஊசி தொடங்கிய சில மாதங்களில் மாதவிடாய் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் கருமுட்டை வெளிவருவது முழுவதும் நின்றுவிட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மாதவிடாய் வராமலே கருத்தரித்த திருநம்பிகள் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் வளரும் கருவைப் பாதிக்கக்கூடியது என்பதால் இது இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட்டிருக்க வேண்டும், காப்பர் டி என்றால் 5 நாட்களுக்குள். இரண்டும் கடந்துவிட்டன. இனி செய்யக்கூடியது, உறவு கொண்ட நாளிலிருந்து 21 நாட்கள் ஆனதும் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து பார்ப்பது. நாள் தள்ளிப்போனது என்று கண்டுகொள்ள அவருக்கு மாதவிடாயே இல்லை, ஆகவே தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் கிட் வாங்குவது அவருக்குச் சங்கடமாக இருக்கும், நீங்களே வாங்கி வாருங்கள். கோடு இரண்டு விழுந்தால், அடுத்த ஊசி போடும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு. சட்டப்படி கலைக்கவும் வழி இருக்கிறது. சீக்கிரம் போனால் அது எளிது.

இனிமேல் ஒவ்வொரு முறையும் ஆணுறை போடுங்கள். அதற்கு மேலும் பாதுகாப்பு வேண்டுமென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் புரோஜெஸ்டிரோன் ஊசி இருக்கிறது. அந்தரா என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுகிறார்கள். அதில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் கிடையாது, டெஸ்டோஸ்டிரோனோடு சேர்த்துப் போடலாம். காப்பர் டியும் பயனுள்ளதுதான். ஆனால் அதைப் பொருத்தும் பரிசோதனையைப் பல திருநம்பிகளால் தாங்க முடிவதில்லை. எது வேண்டும் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

இதே ஊசியால் வரும் இன்னொரு மாற்றம் உங்கள் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாதவிடாய் முற்றுப்பெற்ற பெண்களுக்கு ஆவதைப் போல யோனியின் உள்தோல் மெலிந்து வறண்டுபோகும். அதனால் எரிச்சல் வரலாம், வலிக்கலாம், லேசாகக் கிழிந்து ரத்தம் கசியலாம். அவர் உறைந்துபோவதற்கு வலியும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. எண்ணெய் இல்லாமல் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட லூப்ரிகண்ட் ஜெல் மருந்துக் கடையில் கிடைக்கும், தாராளமாகப் பயன்படுத்துங்கள். நம் வீடுகளில் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய்தான், ஆனால் எண்ணெய் பட்டால் ரப்பர் ஆணுறை இளகிக் கிழிந்துவிடும். ஜெல் போட்டும் வலித்தால், உள்ளே தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் உண்டு. மிகக் குறைவாகவே ரத்தத்தில் கலக்கும் என்பதால் அவருடைய குரலோ தாடியோ மாறாது. உறவுக்குப் பின் சிலருக்கு அடிவயிறு சுருட்டி வலிக்கும். டெஸ்டோஸ்டிரோன் போட்டுக்கொள்பவர்கள் இதை அடிக்கடி என்னிடம் சொல்கிறார்கள். தொடர்ந்து வந்தாலும், நின்றுபோன ரத்தப்போக்கு திரும்ப வந்தாலும் பரிசோதிக்க வேண்டும்.

சரி, இப்போது நீங்கள் கேட்கப் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பயம் அன்பால் வந்தது என்பது புரிகிறது. ஆனால் நீங்கள் கேட்காததால் அவர் ஒவ்வொரு முறையும் உங்கள் கை அடுத்து எங்கே போகுமோ என்று காத்திருக்க வேண்டியதாகிறது. கேட்டுவிடுங்கள். படுக்கையில் வேண்டாம், இருவரும் உடையோடு, வேறு வேலை இல்லாமல் டீ குடித்துக்கொண்டிருக்கும் ஒரு மாலையில் கேளுங்கள். எங்கே தொட்டால் பிடிக்கும், எங்கே தொடவே கூடாது, எந்த இடம் நாளைப் பொறுத்து மாறும், விளக்கு எரியலாமா, நான் நிறுத்த வேண்டுமென்றால் எப்படித் தெரிந்துகொள்வது என்று கேளுங்கள். உங்களுக்குப் பிடித்ததையும் பிடிக்காததையும் அதே பேச்சில் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் விசாரிக்கப்பட்டால் அது மருத்துவமனை ஓ.பி. மாதிரி ஆகிவிடும்.

உடலின் பகுதிகளுக்கு அவர் என்ன பெயர் வைத்திருக்கிறார் என்பதையும் கேளுங்கள். இந்தப் பதிலில் நான் மருத்துவச் சொற்களை எழுதுகிறேன். ‘யோனி’, ‘மார்பகம்’ போன்றவை அவர் காதில் விழும்போதே உடம்பு கூசலாம். சிலர் ‘நெஞ்சு’ என்பார்கள், சிலர் பெயரே சொல்ல விரும்ப மாட்டார்கள். அவர் எதைச் சொல்கிறாரோ அதையே நீங்களும் சொல்லுங்கள்.

சட்டையைப் பொறுத்தவரை, அதை ஒரு தடையாக நினைக்காதீர்கள். பல திருநம்பிகளுக்கு நெஞ்சுதான் மிக வேதனை தரும் இடம். ஏழாண்டு சேர்ந்து வாழ்ந்த பின்னும் பனியனோடு படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த உறவுகள் நன்றாகவே இருக்கின்றன. ‘என்கிட்ட என்ன வெட்கம், கழற்று’ என்று ஒருமுறைகூடச் சொல்ல வேண்டாம். ஆனால் உள்ளே பைண்டர் போட்டிருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளுங்கள். நெஞ்சை இறுக்கும் அந்த உடுப்பை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் போடக்கூடாது, போட்டுக்கொண்டு தூங்கக்கூடாது. வேலைக்குப் போட்டுப் போய், உங்களைப் பார்க்கவும் அதோடே வந்து, இரவும் அதோடே கழிந்தால் விலா வலிக்கும், மூச்சு முட்டும், நம் ஊர் வெயிலுக்குத் தோலும் புண்ணாகும். கிரேப் பேண்டேஜைச் சுற்றிக் கட்டுவது இன்னும் ஆபத்து. தளர்வான ஒரு டி-ஷர்ட்டை உங்கள் வீட்டில் அவருக்கென்று வையுங்கள். வந்ததும் அவர் தனியாகப் போய் மாற்றிக்கொள்ளட்டும்.

உறைந்துபோகும்போது உடனே நிறுத்துங்கள். ஏன், என்ன ஆச்சு என்று அந்த நேரத்தில் துருவ வேண்டாம், அவருக்கே பதில் தெரிந்திருக்காது. கையை எடுத்துவிட்டு, தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் இருக்கட்டுமா என்று மட்டும் கேளுங்கள். தள்ளி இரு என்றால் தள்ளி இருங்கள். மறுநாள் பேசலாம். போன வாரம் பிடித்தது இந்த வாரம் பிடிக்காமல் போகலாம், ஊசி போடும் நாட்களுக்கு இடையே மனநிலையும் ஆசையும் ஏறி இறங்குவதும் உண்டு. அதை உங்கள் மேல் உள்ள வெறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேட்கவே கூடாதவையும் இருக்கின்றன. பழைய பெயர், பழைய போட்டோ, ஆபரேஷன் எப்போது என்பவை அவராகச் சொல்லும் வரை உங்களுக்குத் தேவையில்லை. ‘பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியவில்லை’ என்பது பாராட்டு மாதிரி இருக்கும், ஆனால் எல்லோரும் தன்னை உற்றுப் பார்க்கிறார்கள் என்றுதான் அவருக்குக் கேட்கும். அவர் திருநம்பி என்பதை உங்கள் நெருங்கிய நண்பரிடம்கூட அவர் சம்மதம் இல்லாமல் சொல்லாதீர்கள். வாடகை வீடும் வேலையும் ஒரே நாளில் போய்விடக்கூடிய விஷயம் இது. அவர் வீட்டுக்குப் போன் செய்யும்போது எந்தப் பெயரில் கேட்க வேண்டும் என்பதையும் முன்பே பேசி வையுங்கள்.

இருவரும் ஒருமுறை பால்வினை நோய், எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மெலிந்த தோல் எளிதில் கிழிவதால் தொற்றும் எளிதில் நுழையும். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. கர்ப்பப்பை வாய் இருக்கும் வரை அவருக்கும் 30 வயதிலிருந்து அங்கே புற்றுநோய்ப் பரிசோதனை தேவை. இதைத் திருநம்பிகள் தள்ளிப்போடுவதற்குக் காரணம் பெரும்பாலும் மருத்துவர்களான நாங்கள்தான். ‘மகளிர்’ என்று பலகை வைத்து, பழைய பெயரைக் கூட்டத்துக்கு நடுவே கத்திக் கூப்பிட்டால் யார்தான் வருவார்? இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பதற்கான மாதிரியைச் சில இடங்களில் அவரே தனியாக எடுத்துக் கொடுக்க முடியும், கேட்டுப் பாருங்கள். கூடப் போவீர்களானால் வரவேற்பில் நீங்கள் முன்னே சென்று, டோக்கன் எண்ணைச் சொல்லி அழைக்கும்படி கேளுங்கள். உள்ளே கூட வரட்டுமா, வெளியே இருக்கட்டுமா என்பதை அவர் சொல்லட்டும்.

இருவருமாக மனநல ஆலோசகரைப் பார்ப்பதும் நல்லது. அங்கே யாராவது அவரைப் ‘பழையபடி மாற்றிவிடலாம்’ என்று பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப்பட்ட மாற்றுச் சிகிச்சை மருத்துவத் தொழில் ஒழுங்குக்கு எதிரான குற்றம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்திருக்கிறது. அப்படிப் பேசியவர் மருத்துவர் என்றால் மாநில மருத்துவக் கவுன்சிலில் நீங்கள் புகார் கொடுக்கலாம்.