பதில்: சூடானதும் நின்றுவிடும் பத்மினி

தம்பி, ஐயா விட்டுச்சென்ற பழைய பிரீமியர் பத்மினி கார் கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடி வருவதற்குள் சூடாகி நின்றுவிடுகிறது, அரை மணி நேரம் ஆறினால் கிளம்புகிறது, மெக்கானிக் இன்ஜினை இறக்கச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு இறக்க விடாதீர்கள்.

அடுத்த முறை நின்றதும் முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சுத்தம் செய்தால் போதும். சத்தமே இல்லையென்றால், மூடியை இறுக்கிவிட்டு, எங்கும் பெட்ரோல் கசியவில்லை என்று பார்த்தபின் ஸ்பார்க் பிளக்கில் (பெட்ரோலைப் பற்றவைக்கும் பாகம்) பொறி வருகிறதா என்று சோதியுங்கள். வராவிட்டால், அந்தப் பொறிக்கான மின்சாரத்தைத் தயார்செய்யும் இக்னிஷன் காயில் அல்லது அதற்குத் துணையான கண்டன்சர் பழுதாகியிருக்கலாம். இரண்டும் சூட்டில் படுத்து, ஆறினால் எழுந்துகொள்ளும் சாதி.

பொறி நன்றாக இருந்தால் என் சந்தேகம் பெட்ரோல் பம்ப் மேல்தான். அது இன்ஜினிலேயே பொருத்தப்பட்டிருப்பதால் சித்திரை வெயிலில் பெட்ரோல் உள்ளேயே ஆவியாகி ஓட்டம் தடைப்படும். ஈரத்துணியைப் பம்ப் மேல் போட்டுப் பாருங்கள். என் முதல் காரும் பத்மினிதான். பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பினால் அப்பத்தா ஒரு செம்புத் தண்ணீரும் பழைய துண்டும் மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் ஏறிவிடுவார். வண்டி நின்றால், "காய்ச்சல் வந்துவிட்டது, பத்துப் போடு" என்பார். அந்தக் காரை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

பல வருடம் நின்ற வண்டி என்பதால் டேங்கைக் கழற்றித் துருவை அலசுங்கள். பழைய ரப்பர் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலை அவை தாங்காது. பொறி வந்ததா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள், மேலே பார்க்கலாம்.