பாதி ஸ்லாட் காலி, ஆனாலும் இடமில்லை

கேள்வி: எம்.இ. கடைசி செமஸ்டர் படிக்கிறேன். எலாஸ்டிக் ஆப்டிகல் நெட்வொர்க்கில் (ஒளியிழையின் அலைவரிசையைச் சிறு துண்டுகளாக்கி, தேவைக்கேற்ப ஒதுக்கும் வலையமைப்பு) பாதைத் தேர்வும் ஸ்பெக்ட்ரம் ஒதுக்கீடும் என் புராஜெக்ட். 14 முனைகள் கொண்ட என்எஸ்எஃப்நெட் (பழைய அமெரிக்க ஆய்வு வலையமைப்பு) மாதிரியில், ஃபைபருக்கு 320 ஸ்லாட் (அலைவரிசைத் துண்டு) வைத்து சிமுலேஷன் ஓட்டுகிறேன். லிங்க்குகளில் பாதி ஸ்லாட் காலியாக இருக்கும்போதே கோரிக்கைகள் நிராகரிக்கப்படுகின்றன. புரோகிராம் தப்பா? ஒவ்வொரு கோரிக்கைக்கும் முயலும் மாற்றுப் பாதைகளை 3-லிருந்து 10 ஆக்கினால் சரியாகுமா?

பதில்: புரோகிராம் சரியாகவே இருந்தாலும் இப்படி நடக்கும். ரயிலில் மூன்று பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டும், வழியில் யாரும் சீட் மாறக்கூடாது என்றால், பாதிப் பெட்டி காலியாக இருந்தும் டிக்கெட் கிடைக்காது அல்லவா? இங்கேயும் அதே இரண்டு நிபந்தனைகள்தான். ஸ்லாட்டுகள் அடுத்தடுத்து இருக்க வேண்டும். பாதையின் எல்லா லிங்க்கிலும் அதே எண் ஸ்லாட்டுகளாக இருக்க வேண்டும். நடுவழியில் அலைநீளத்தை மாற்ற வேண்டுமானால் பொதுவாக ஒளியை மின்சாரமாக்கி, திரும்ப ஒளியாக்க வேண்டும், அது செலவு.

12 ஸ்லாட் உள்ள இரண்டு லிங்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் 1, 2, 3, 7, 8, 9 காலி. இரண்டாவதில் 3, 4, 5, 6, 7, 10 காலி. இரண்டிலும் சரிபாதி காலி, இரண்டிலும் தனித்தனியே மூன்று ஸ்லாட் சேர்ந்தும் கிடைக்கிறது. ஆனால் இரண்டுக்கும் பொதுவானவை 3-ம் 7-ம் மட்டும். மூன்று ஸ்லாட் கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டும். அதனால் காலி ஸ்லாட்டுகளின் மொத்தத்தைப் பார்க்காதீர்கள். பாதையின் லிங்க்குகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பொதுவான காலியிடத்தை எடுத்து, அதில் மிக நீளமான தொடர் எவ்வளவு என்று அச்சிட்டுப் பாருங்கள்.

ஆனாலும் ஒரு சோதனையை முதலில் செய்துவிடுங்கள். மாணவர்களின் புரோகிராமில் நான் அடிக்கடி பார்க்கும் தப்பு இது: ஒதுக்கும்போது கார்ட் பேண்டுக்கும் (பக்கத்து இணைப்போடு கலக்காமல் இருக்க விடும் இடைவெளி) சேர்த்து ஒரு ஸ்லாட் எடுப்பார்கள், இணைப்பு முடிந்ததும் அதைத் திருப்பித் தர மறந்துவிடுவார்கள். புதிய கோரிக்கைகளை நிறுத்திவிட்டு எல்லா இணைப்புகளும் முடியும்வரை ஓட்டுங்கள். ஒவ்வொரு ஃபைபரிலும் 320 காலி என்று வர வேண்டும். 317 என்று வந்தால் கோளாறு அங்கேதான். என்எஸ்எஃப்நெட்டின் 21 லிங்க் என்பது இரு திசைக்கும் சேர்த்து 42 ஃபைபர் என்பதையும் சரிபாருங்கள்.

பாதைகளை 10 ஆக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஐடியூ-டியின் (சர்வதேசத் தொலைத்தொடர்புத் தர அமைப்பு) ஜி.694.1 தரம் 2012-ல் வகுத்த 12.5 கிகாஹெர்ட்ஸ் ஸ்லாட் ஒன்றில், ஒற்றை முனைவாக்கத்தில் (போலரைசேஷன்), க்யூபிஎஸ்கே என்ற பண்பேற்ற முறை விநாடிக்கு 25 கிகாபிட் கொடுக்கும். 16க்யூஏஎம் என்ற முறை 50 கொடுக்கும், ஆனால் தூரம் போகாது. 200 கிகாபிட் கோரிக்கை இரண்டு லிங்க் பாதையில் 16க்யூஏஎம்மில் போனால் கார்டோடு 5 ஸ்லாட், மொத்தம் 10. அதையே நான்கு லிங்க் சுற்றுப்பாதையில் க்யூபிஎஸ்கேயில் அனுப்பினால் லிங்க்குக்கு 9 வீதம் 36. ஒருவருக்கு இடம் கொடுக்கப் போய், பின்னால் வரும் மூன்று பேரின் இடத்தைத் தின்றுவிடும். பாதைகளைக் கிலோமீட்டரால் மட்டும் வரிசைப்படுத்தாமல், ஸ்லாட்டை லிங்க் எண்ணிக்கையால் பெருக்கி வரும் தொகையாலும் வரிசைப்படுத்திப் பாருங்கள்.

ஸ்லாட்டுகளைத் தற்போக்காக எடுக்கிறீர்கள் என்றால் முதல் வேலையாக ஃபர்ஸ்ட்-ஃபிட்டுக்கு (கீழ் எண்ணிலிருந்து தேடி, முதலில் பொருந்தும் இடத்தை எடுப்பது) மாறுங்கள். சாதாரண முறைதான், ஆனால் கீழ்ப்பக்கமாக அடுக்கிக்கொண்டே போவதால் மேலே பெரிய தொடர்கள் தப்பிக்கும். ஓடும் இணைப்புகளை நகர்த்தி இடத்தை ஒழுங்குபடுத்தும் முறைகளும் உண்டு. உங்களுக்கு இருக்கும் நேரத்தில் அதைத் தொட வேண்டாம்.

ரிப்போர்ட்டில் நிராகரிக்கப்பட்ட கோரிக்கைகளின் விகிதத்தை மட்டும் போடாதீர்கள். அகலமான கோரிக்கைகள்தான் அதிகம் அடிபடும். சிறியவை இண்டு இடுக்கில் நுழைந்துவிடும். நிராகரிக்கப்பட்ட கிகாபிட்டின் விகிதத்தையும் பக்கத்திலேயே போடுங்கள். வைவாவில் அந்தக் கேள்வி வரும்.