வேலை பார்த்து ஏற்றிய பழைய ஜீப் எஞ்சினுக்கு எந்த ஆயில் ஊற்றலாம்?

தாத்தா காலத்து வில்லிஸ் ஜீப், எஞ்சினைப் பிரித்து சிலிண்டர் துளையை (போர்) கடைந்து, பிஸ்டன் ரிங், பேரிங் எல்லாம் புதுசாக மாற்றியாயிற்று, விலை கூடிய சிந்தெடிக் ஆயிலே ஊற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் தம்பி. முதல் 500 மைலுக்குச் சாதாரண மினரல் ஆயில், 30 கிரேடு. அது கிடைக்காவிட்டால் 15டபிள்யூ-40. இந்த எண்கள் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிப்பவை.

நான் மெக்கானிக் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரே ஜீப்பின் எஞ்சினை இரண்டு தடவை இறக்கி ஏற்றியவன். இரண்டாவது தடவை இறக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

எங்களுக்கு ஊர் பர்மாவில் ரங்கூன் பக்கத்துச் சிரியம், இப்போது தான்லின் என்கிறார்கள். தாத்தா இங்கே எண்ணெய் ஆலைக்குக் கூலி வேலைக்கு வந்தவர். 1942இல் ஜப்பான்காரர்கள் நெருங்கியபோது வெள்ளைக்காரர்களே அந்த ஆலையைத் தகர்த்துவிட்டுப் போனார்கள். சண்டை முடிந்ததும் பட்டாளம் விட்டுப்போன ஜீப்புகளில் ஒன்றை அவர் வாங்கினார். பிறகு அப்பா ஓட்டினார். அப்பா தவறிய மறுவருஷம் நான் அதை ரங்கூனில் ஒரு பட்டறையில் விட்டேன். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. கடைசியில், "அண்ணே, இவ்வளவு செலவு செய்துவிட்டு ஆயிலில் கஞ்சம் பிடிக்காதீங்க" என்று 5டபிள்யூ-30 சிந்தெடிக்கை ஊற்றிக் கொடுத்தார்கள். அப்பா வண்டியாயிற்றே, எனக்கும் அது சரியென்றே பட்டது.

300 மைல் தாண்டியும் சைலென்சரில் நீலப்புகை நிற்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை ஆயில் கம்பியை எடுத்துப் பார்த்தால் அரை லிட்டர் குறைந்திருக்கும். சித்திரை வெயிலில் எஞ்சின் சூடேறி ஐடிலில் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல்) நின்றால் ஆயில் அழுத்தம் காட்டும் முள் 10 பவுண்டுக்குக் கீழே இறங்கிவிடும். திரும்பப் பிரித்தோம். போரின் சுவரில் ரிங் பதிவதற்காகக் கல்லால் தேய்த்துப் போடுகிற ஹோனிங் கோடுகள் தேய்வதற்கு முன்பே சுவர் கண்ணாடி மாதிரி பளபளத்துக் கிடந்தது. ரிங் உட்காரவே இல்லை.

ஆயில் மேல் மட்டும் பழி போடுகிறேன் என்று சிலர் சண்டைக்கு வரலாம். இல்லை. புது எஞ்சின் ஆயிற்றே என்று வீட்டு வாசலில் மணிக்கணக்காக ஐடிலில் ஓடவிட்டேன், ரோட்டிலும் பூப்போல ஓட்டினேன். அதுவும் தப்பு. ரிங் போரோடு உரசித்தான் பதியும். அந்தச் சமயத்தில் மெல்லிய வழுக்கல் ஆயிலும் இருந்து, சுமையும் இல்லாவிட்டால் பதியாது. புதுக் கார்கள் சிந்தெடிக்கோடுதானே வருகின்றன என்பீர்கள். அங்கே கம்பெனி மெஷினில் போரை முடிக்கிற நுணுக்கம் வேறு, நம்மூர்ப் பட்டறையில் கையால் ஹோனிங் செய்வது வேறு.

ஆயிலில் உரசும் பாகங்கள் தேயாமலிருக்கப் பாஸ்பரஸோடு சேர்த்துப் போடுகிற ஜிங்க் (துத்தநாகம்) பற்றியும் கேட்டிருந்தீர்கள். புதுக் கார்களில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்டர் கெடாமலிருக்க, 2004இல் வந்த எஸ்எம் என்ற ஆயில் தரத்திலிருந்து 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய பெட்ரோல் ஆயில்களில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் கட்டிவிட்டார்கள். அதோடு ஜிங்க்கும் குறைந்தது. நம் ஜீப்பில் கன்வெர்டரே கிடையாது. லாரிக்கு ஊற்றுகிற சிஐ-4 என்ற டீசல் ஆயில் தரத்து 15டபிள்யூ-40இல் ஜிங்க் போதுமான அளவு இருக்கிறது. வில்லிஸில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் இருக்கிற சைடு வால்வு அமைப்பு, வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தமும் குறைவு. அதனால் வால்வைத் தூக்குகிற டாப்பெட் தேய்ந்துவிடும் என்று ரொம்பக் கவலைப்பட வேண்டாம்.

பழைய எஞ்சினுக்கு, கசடைக் கரைக்கிற மருந்து சேர்த்த டிடர்ஜென்ட் ஆயில் ஆகாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பல வருஷமாகத் திறக்காமல் கசடு கட்டிக் கிடக்கிற எஞ்சினுக்கு அந்தப் பேச்சு பொருந்தும். உங்களுடையதைக் கழுவிச் சுத்தம் செய்தாயிற்று, தாராளமாக ஊற்றலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனாலும் மனசு ஆறவில்லை. 2011இல் இங்கே அரசாங்கம் 40 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை ஒப்படைத்தால் வேறு வண்டி இறக்குமதி செய்ய பெர்மிட் தருகிறோம் என்று அறிவித்தது. எங்கள் தெருவிலேயே இரண்டு ஜீப் போயிற்று. ஒன்று என் மாமாவுடையது, எஞ்சின் கடிகாரம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஏசி காருக்காகக் கொடுத்தார். அந்தக் காரும் இப்போது அவரிடம் இல்லை. அதற்குப் பிறகு பேரிங், கேஸ்கட் தேடி நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். உங்களுடையதை யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, ஆயிலுக்கு வருகிறேன். ஸ்டார்ட் செய்ததும் முள் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு ரோட்டுக்கு எடுத்துப் போங்கள். நான் பெகு போகிற ரோட்டில் மூன்றாவது கியரில் 20இலிருந்து 35 மைல் வரை அழுத்துவேன், அப்புறம் காலை எடுத்துத் தானாக வேகம் குறைய விடுவேன், மறுபடியும் அழுத்துவேன். முதல் 30 மைலில் ஆயிலைச் சூட்டோடு வடித்துவிடுங்கள், மறுபடி 500இல். வடித்ததை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய பொடி இருந்தால் பயமில்லை. செதிலாகவோ செம்பு நிறத்திலோ ஏதாவது மின்னினால் வண்டியை அங்கேயே நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டியை (சம்ப்) கழற்றி பேரிங்கைப் பாருங்கள்.